கேக் வெட்டிய படமும் என் கடைப் பற்று நோட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரின் தேனி மாவட்டப் பக்கத்தில், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் தன் பேரனின் பிறந்தநாளைக் குழந்தைகள் இல்லத்தில் கொண்டாடிய படம் வந்திருந்தது. நடுவில் கேக். கேக்குக்குப் பின்னால் அவர், அவர் வீட்டம்மா, பேரன். இரண்டு பக்கமும் இல்லத்துப் பிள்ளைகள், ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பதினொரு பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அதில் எட்டுப் பேரை எனக்குப் பெயர் சொல்லியே தெரியும். அந்தப் பிஸ்கட்டை விற்றவனும் நான்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊரில் 26 வருஷமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அந்த இல்லத்துக்கு 19 வருஷமாகச் சாமான் போவது என் கடையில் இருந்துதான். மாதாமாதம் பற்று எழுதிக்கொள்வேன், பணம் வரும்போது கழிப்பேன். ஆகவே நான் எழுதுவது தர்மத்தைப் பற்றி உபதேசம் அல்ல. கடைக்காரன் நோட்டில் இருப்பதை எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் வெட்டாதீர்கள்.

அந்தப் படத்தில் இருக்கும் ஒரு பையன் திங்கட்கிழமை சாயங்காலம் தனியாகக் கடைக்கு வந்தான். எப்போதும் மூன்று நான்கு பேராகத்தான் வருவார்கள். வியாபாரம் ஓயும்வரை தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பிறகு, "அண்ணாச்சி, நேத்துப் பேப்பர் உங்ககிட்ட எத்தனை இருக்கு?" என்றான். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த 2019-லிருந்து பழைய பேப்பரை எடைக்கு வாங்கித்தான் பொட்டலம் கட்டுகிறோம். "எதுக்குடா?" என்று கேட்டேன். "அதுல மட்டும் பொட்டலம் கட்டாதீங்க அண்ணாச்சி" என்றான். அப்புறம்தான் விஷயம் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் அம்மாச்சி வீட்டில் இருந்து படிப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறான். இரண்டு வருஷமாக அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். காலையில் எவனோ பேப்பரை வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டான். மத்தியானத்துக்குள் அவனுக்கு "ஆசிரமம்" என்று பட்டப்பெயர்.

அவனை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் நிருபருக்குத் தோன்றாத ஜாக்கிரதை கடைக்காரனுக்குத் தோன்றுகிறதே என்று நினைக்க வேண்டாம். எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தது இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் 74-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளிக்கூடம், படம், அடையாளம் காட்டக்கூடிய எதையும் பத்திரிகையிலோ வேறு வகையிலோ வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதை அந்த அக்கா அச்சடித்து, கண்ணாடி ஃப்ரேம் போட்டு, இல்லத்து வாசலில் மாட்டி வைத்திருக்கிறார். அதற்குக் கீழேயே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். தடுக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். தடுத்தால் அடுத்த வருஷம் அரிசி மூட்டை வராது. இந்தப் பயம் எங்கள் ஊர் இல்லத்துக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் காதுகுத்துக்கு அங்கே பிரியாணி போட்டுவிட்டு, பிள்ளைகளோடு நின்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்தேன். நூறு பேர் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் படத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை இப்போது திண்டுக்கல் பக்கம் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் புகுந்த வீட்டில் என்ன சொல்லியிருக்கிறாளோ, யாருக்குத் தெரியும்? என் போனில் இருந்ததை அழித்தேன். அனுப்பிய நூறு போனில் இருப்பதை எப்படி அழிப்பது?

இனி நோட்டுக்கு வருகிறேன்.

இல்லத்தில் இப்போது 34 பிள்ளைகள். புரட்டாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் தர்மத்துக்கு வேகம் பிடிக்கும். மகாளய அமாவாசை அன்று அப்பா, தாத்தா திதி என்று மூன்று குடும்பம் ஒரே நாளில் வந்துவிடும். மூன்று பேர் இலையிலும் வடை பாயாசம். இல்லத்துச் சின்னக்குட்டி ஒருத்தி ஒருமுறை கடைக்கு ஓடிவந்து, "அண்ணாச்சி, இன்னைக்கு மூணு பேரோட தாத்தா செத்துப் போயிட்டாங்க, பாயாசம்!" என்று சொன்னாள். கல்லாவில் இருந்தவன் சிரித்துவிட்டேன். அடுத்து தீபாவளி. இனிப்பு ஐந்து பெட்டியில் வந்தால் நாலு பெட்டி ஒரே கடை மைசூர்பாகு. அதற்கப்புறம் கார்த்திகை பிறந்தால் ஐயப்பமார் வண்டிகள். எங்கள் பக்கத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், சீசனில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக மேலே அனுப்பி, இறங்கும்போது குமுளி வழியாக விடுவார்கள். ஊரே வண்டியாக இருக்கும். அன்னதானத்தில் மிச்சமான அரிசி, மாலை கழற்றிய பிறகு நேர்ந்துகொண்ட அரிசி என்று மூட்டை மூட்டையாக இறங்கும். போன மார்கழியில் மட்டும் 11 மூட்டை. பங்குனியில் அதில் வண்டு ஓடியது. புடைத்துக் காயவைக்கவே சமையல்கார அம்மாவுக்கு இரண்டு நாள் போயிற்று.

கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் என் நோட்டில் இல்லத்தின் பக்கம் ஏறக்குறைய காலியாக இருக்கும். மாசிக்குப் பிறகு எழுத்து நெருக்கமாகும். சித்திரை, வைகாசி வந்தால் ஒரு பக்கம் போதாது, பின்பக்கமும் எழுதுவேன். போன மே 31 அன்று பாக்கி 41,300 ரூபாய்.

அந்த இரண்டு மாதத்தில் அப்படி என்ன செலவு என்று எனக்கே முதலில் விளங்கவில்லை. கோடை விடுமுறையில் பாதிப் பிள்ளைகள் சித்தி வீடு, மாமா வீடு என்று போய்விடுகிறார்களே, செலவு குறையத்தானே வேண்டும்? அக்காதான் கணக்குச் சொன்னார். பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் மத்தியானம் சத்துணவு. 2022-லிருந்து காலை உணவுத் திட்டம் வந்து, அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் விரிந்ததால், ஒன்றிலிருந்து ஐந்தாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையிலும் அங்கேயே சாப்பாடு. ஆக இல்லம் பொங்குவது பெரும்பாலும் ராத்திரிக்கு ஒரு வேளையும், பெரிய பிள்ளைகளுக்குக் காலையும்தான். பள்ளிக்கூடம் பூட்டியதும் மூன்று வேளையும் இல்லத்துத் தலையில் விழுகிறது. போக இடம் இருக்கிற பிள்ளைகள் போய்விட, போக்கிடமே இல்லாதவர்கள் தங்குகிறார்கள். தர்மவான்கள் ஊட்டிக்கும் மூணாறுக்கும் போயிருக்கிறார்கள். வைகாசியில் கேக் வெட்ட யாரும் வருவதில்லை. அந்த மாதத்தில் குழந்தைகள் யாருக்கும் பிறக்காமலா போய்விடுகின்றன?

அடுத்து ஜூன். பள்ளிக்கூடம் திறக்கிறதே என்று நோட்டு வாங்கிக் கொடுக்க நாலு சங்கம் வரும். அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை எல்லாம் இலவசம். இல்லத்துப் பரணில் நானே ஏறிப் பார்த்தேன், அட்டையில் கொடுத்தவர் முகம் போட்ட நோட்டு நானூறுக்கு மேல் கிடக்கிறது. எலி தின்றது போக. அதே ஜூனில் என் நோட்டில் நான் எழுதுவது வேறு சாமான்: உள்ளாடை, தேங்காய் எண்ணெய், சோப்பு, ஈர்வலி, கேஸ் சிலிண்டருக்குக் கைமாற்று. பெரிய பெண்பிள்ளைகள் பதிமூன்று பேர். அரசு கொடுக்கும் நாப்கின் ஒரு மாதத்துக்குக் காணாது. மிச்சத்துக்கு என் கடைக்குத்தான் வருவார்கள். 19 வருஷத்தில் "இல்லத்துக்கு நாப்கின் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு வாங்கிக் கொடுத்தவர் ஒரே ஒருவர். அவர் ஓர் ஆரம்பப் பள்ளி டீச்சர். அதைக் கேட்க அவரும் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளைக்குச் சொறி வந்தது. ஒருத்திக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது. ஒரே நாளில் 34 பேருக்கும் கழுத்திலிருந்து கால்வரை லோஷன் தடவி, பாய், போர்வை, துணி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டெடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. லோஷன், சோப்புத்தூள், விறகு என்று எழுபது பக்க நோட்டில் அது மட்டும் ஒரு பக்கம். அந்த வாரம் வந்த தர்மவான் வாசலோடு திரும்பிவிட்டார். பிள்ளைகளைத் தொட்டுப் படம் எடுக்க முடியாதல்லவா. கொண்டுவந்த ஆப்பிளை என் கடையில் வைத்துவிட்டுப் போனார்.

சமையல்கார அம்மா சம்பளத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். "சம்பளத்துக்குக் கொடுத்தா புண்ணியம் அந்தம்மாவுக்குல்ல போகும்?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். 34 பேருக்குப் பொங்கிப் போடுகிறவளுக்குப் போனால்தான் என்ன?

கல்யாண மண்டபத்துச் சாப்பாடு வேறு. ராத்திரி பத்தரை மணிக்கு, மிச்சமான சாம்பார் சாதத்தை அண்டாவோடு கொண்டுவந்து இறக்குவார்கள். தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிச் சாப்பிட வைத்த காலமும் உண்டு. ஒருமுறை பாதிப் பேருக்கு வாந்தி பேதி ஆன பிறகு அக்கா கண்டிப்பாக நிறுத்திவிட்டார். சாப்பாடு போட விரும்பினால் முதல் நாளே சொல்லுங்கள், சாமான் கொடுங்கள், இங்கேயே பொங்கிக்கொள்கிறோம் என்கிறார். அதற்கு ஊரில் அவருக்குக் கிடைத்த பெயர் "திமிர் பிடித்தவள்".

ஒரு நல்ல மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருக்கும் மலையாளி அவர். ஆறு வருஷமாக மாதம் ஐந்தாம் தேதி பஸ் இறங்கி என் கடைக்கு வருவார். இல்லத்துப் பக்கத்தை எடுக்கச் சொல்வார். துவரம்பருப்பு எவ்வளவு என்று விரலை வைத்துப் பார்ப்பார். அந்தத் தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் மலையாளத்தில் ஒரு சுழி போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். இல்லம் நடந்தால் ஐந்து நிமிஷம். ஒரு நாளும் போனதில்லை. "சேட்டா, ஒரு தடவை போய்ப் பிள்ளைகளைப் பாருங்களேன்" என்றேன். "கண்டாலும் கண்டில்லேலும் பரிப்பு வேவுமல்லோ" என்றார். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பருப்பு வேகுமே என்று அர்த்தம். பருப்பு விலை ஏறின வருஷம் அவர் கொடுத்த தொகையும் ஏறியது. ஏலக்காய் விலை இறங்கின வருஷமும் குறைக்கவில்லை. அந்த மனிதருக்கு வருமான வரிச் சலுகைக்கு ரசீது வாங்கித் தரலாம் என்று கேட்டேன். அந்த ரசீது வேண்டுமென்றால் இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது, பேங்க் வழியாக வர வேண்டும். அதற்கெல்லாம் நேரமில்லை, ஜீப் போய்விடும் என்று எழுந்துவிட்டார்.

ஜீப் என்றதும் இன்னொன்று. நான் முக்கியமாக எழுத நினைத்ததே இதுதான்.

இல்லத்துப் பிள்ளைகளை உங்கள் பேப்பர் "ஆதரவற்ற குழந்தைகள்" என்று போட்டிருந்தது. இந்த 34 பேரில் அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாதவர்கள் ஏழு பேர்தான். மற்றவர்களுக்கு அம்மா இருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு எங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாருங்கள். தூக்குச் சட்டியும் தலையில் துண்டுமாக, ஒரு ஜீப்புக்கு இத்தனை பேர் என்று கணக்கில்லாமல் ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம், சக்குபள்ளம் என்று கேரள மலையில் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களில் அந்த அம்மாக்கள் இருப்பார்கள். புருஷன் குடித்துச் செத்தவன், மலைப்பாதையில் ஜீப் உருண்டு செத்தவன், இன்னொருத்தியோடு போனவன். விடிவதற்கு முன்னால் போய் இருட்டிய பிறகு வருகிறவள் ஆறு வயதுப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவாள்? வயதுக்கு வந்த மகளை யாரிடம் விட்டுப் போவாள்? பயத்தில்தான் விடுகிறாள். ஆடி, ஆவணியில் காய் எடுப்புத் தொடங்கினால் தை, மாசி வரை வேலை ஓடும். பங்குனியிலிருந்து வேலை குறைந்துவிடும். வேலை இல்லாத மாதத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் அந்த மாதத்தில்தான் சோறு இல்லை.

இந்தப் பெண்களுக்கென்றே அரசு உதவி இருக்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில், விதவை, கைவிடப்பட்ட தாய் போன்றவர்களின் பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு. கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒரு பிரிவு இருக்கிறது, விண்ணப்பம் அங்கே. தமிழக அரசும் 2025-ல் அன்புக் கரங்கள் என்று மாதம் 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது.

அப்படியானால் ஏன் வாங்கவில்லை? நான் ஒரு பெண்ணோடு அலைந்ததால் சொல்கிறேன். புருஷன் இறப்புச் சான்றிதழ் கேரளாவில் வாங்க வேண்டும், அவன் செத்தது அங்கே. அதில் பெயர் மலையாளத்தில் ஒரு விதம், இங்கே ரேஷன் கார்டில் ஒரு விதம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான், ஆனால் வி.ஏ.ஓ. இருக்கும் நேரத்தில் அவள் மலையில் இருக்கிறாள். ஆதார் ஓரிடம், பேங்க் ஓரிடம், தேனிக்கு இரண்டு நடை. மொத்தம் ஏழு நாள் வேலை போயிற்று. ஏழு நாள் கூலியை இழக்க அவளால் முடியாது என்பதால்தான் மூன்று வருஷமாக விண்ணப்பமே போடவில்லை. அந்தக் கூலியை நான் கொடுத்தேன். கடன் என்றுதான் கொடுத்தேன், பெரிய தர்மவான் இல்லை. ஐந்து மாதத்தில் பணம் வரத் தொடங்கியது. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து வீட்டுக் கிழவிக்கு மாதம் ஆயிரம் கொடுத்து ராத்திரிவரை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். இப்போது என் கடனையும் அடைத்துவிட்டாள்.

அந்தப் பிறந்தநாள் கேக் 1,850 ரூபாய். பக்கத்து பேக்கரிக்காரரிடம் விசாரித்தேன். பிஸ்கட், பிரியாணி, பிளெக்ஸ் போர்டு எல்லாம் சேர்த்தால் இன்னும் மூன்று பெண்களைத் தேனிக்கு அனுப்பியிருக்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. சில பேர் தோட்டத்தில் தெரிந்த பிள்ளையை அப்படியே கூட்டிவந்து இல்லத்தில் விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார்கள். அப்படிச் சேர்க்க முடியாது. பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும், எங்கே வைப்பது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். பதிவு இல்லாத இல்லம் நடத்துவதே குற்றம். தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் அடித்தால் போதும்.

பதினெட்டு முடிந்தவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கடிதம் ஆகிவிடும். ஒன்று மட்டும். சட்டப்படி, இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகும் 21 வயது வரை பிற்காப்பு உதவி உண்டு. ஆனால் பிறந்தநாள் அன்று பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு அன்று ராத்திரி படுக்க இடம் வேண்டுமே. ஐ.டி.ஐ. படிக்கும் ஒருவனுக்கு தேனியில் ரூம் பார்க்கப் போனோம். "அப்பா என்ன பண்றார்?" என்பதுதான் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி. ஐந்தாவது வீட்டில் நான்தான் சித்தப்பா என்று பொய் சொன்னேன். சனி ஞாயிறு கடைக்கு வந்து மூட்டை இறக்குகிறான். அவனே எனக்கு ஜி.எஸ்.டி. கணக்கையும் போனில் போட்டுக் கொடுக்கிறான், என் சொந்தப் பையனுக்கு அது வரவில்லை.

ஐயா, உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். பிள்ளைகள் முகத்தைப் போடாதீர்கள். கொடுத்தவர் படம் வேண்டுமென்றால் அவரை மட்டும், அரிசி மூட்டையோடு நிறுத்திப் போடுங்கள், மூட்டைக்கு வெட்கம் கிடையாது. தீபாவளிச் சமயத்தில் போடும் இல்லத்துச் செய்தியைச் சித்திரையில் போடுங்கள், பள்ளிக்கூடம் பூட்டும் வாரத்தில். நிதி ஆதரவுத் திட்டத்துக்கு என்னென்ன காகிதம், எந்த அறையில், எந்த நாளில் என்று மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போட்டால், நான் அதை நறுக்கி ஜீப் நிற்கிற இடத்து டீக்கடையில் ஒட்டுகிறேன். பெரிய எழுத்தில் போடுங்கள். ஐந்து மணிக்கு அங்கே வெளிச்சம் குறைவு.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் என் கடைக்கு எடைக்கு வந்தது ஆறு பிரதி. ஆறையும் எடுத்துத் தனியாக வைத்து, பையன் முன்னால் அடுப்பில் போட்டேன். மற்ற கடைகளுக்கு எத்தனை போயிற்றோ. செவ்வாய்க்கிழமை காய்கறிக்காரம்மா பச்சைமிளகாய் கட்டிக் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்துப்போனேன்.

இந்தக் கடிதத்தைப் போடுவதானால் என் பெயர், ஊர், கடை எதையும் போட வேண்டாம். எந்தக் கடை என்று தெரிந்தால் எந்த இல்லம் என்று தெரிந்துவிடும், அப்புறம் எந்தப் பையன் என்று தேடுவார்கள்.

இப்படிக்கு,
பலசரக்குக் கடைக்காரர் ஒருவர்,
கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.